ஆகாயத்தில் நிதானம், நியாயஸ்தலத்தில் துரிதம்

ஆகாய விமானத்தில் ஏறும் பிரயாணி தன் உயிரை முற்றிலும் பிறர் கையில் ஒப்புவித்துவிட்டே ஏறுகின்றான். மாட்டு வண்டியில் போகிறவன், வண்டிக்காரன் தள்ளாடுவதைக் கண்டால் குதித்து இறங்கிவிடலாம். ரயிலில் போகிறவன் அபாயச் சங்கிலியை இழுக்கலாம். மோட்டார் பஸ்ஸில் போகிறவன் கூச்சலிட்டு வண்டியை நிறுத்தச் சொல்லலாம். முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் இவற்றுள் ஒன்றுக்கும் இடமில்லை. கதவு சாத்தப்பட்ட பிறகு பிரயாணிக்கு உள்ள காப்பெல்லாம் விமானியின் திறமையும், விமானச் சிப்பந்திகளின் நிதானமுமே ஆகும்.

அந்த நிதானத்தைக் காப்பதற்காக ஏற்பட்ட மது விதிகளைப் பற்றியும், அவ்விதிகளின் பேரில் எழும் வழக்குகள் நியாயஸ்தலங்களில் தேங்கிக் கிடப்பதைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விஷயங்கள் என்று சிலர் நினைக்கக்கூடும். சற்று ஆராய்ந்தால், இவை ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள் என்பது விளங்கும். விதி எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ, அவ்வளவு விரைவாக அதைப் பற்றிய நியாயமும் கிடைக்க வேண்டும். கடுமையான விதியும் மந்தமான நியாயமும் சேர்ந்தால், குற்றவாளி தப்பித்துக்கொள்வான். நிரபராதி நசுங்கிப் போவான்.

மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா என்னும் பெரிய விவாதத்தை இங்கே கிளப்ப நாம் எண்ணவில்லை. ஒருவர் தமது வீட்டில் ஓய்வு நாளில் என்ன பருகுகிறார் என்பது வேறு விஷயம். பிறருடைய உயிருக்குப் பொறுப்பேற்கும் வேளையில் அவருடைய மூளை தெளிவாக இருக்கிறதா என்பதுதான் நமது கேள்வி.

தேநீர் கொடுப்பது மட்டுமா வேலை?

விமானத்திலுள்ள பணிப்பெண்களும் பணியாளர்களும் தின்பண்டமும் தேநீரும் கொடுப்பதற்காக அமர்த்தப்பட்டவர்கள் என்ற எண்ணம் நம் ஜனங்களிடையே பரவலாக இருக்கிறது. இது பெரிய தவறு. ஐம்பது ஆசனங்களுக்கு ஒரு சிப்பந்தியாவது இருக்க வேண்டும் என்று விமானச் சட்டங்கள் கட்டாயப்படுத்துவது உபசாரத்துக்காக அல்ல. ஒரு புதிய ரக விமானம் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற வேண்டுமானால், அதன் வாயில்களில் பாதி மூடிக் கிடக்கும்போதும் தொண்ணூறு விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். அந்தத் தொண்ணூறு விநாடிகளில் உத்தரவிடுகிறவர்கள் இந்தச் சிப்பந்திகளே.

2024 ஜனவரி 2-ந் தேதி டோக்கியோ நகரத்து ஹனேடா விமான நிலையத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவற்படை விமானத்தின் மீது மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்திலிருந்த 6 பேரில் 5 பேர் மாண்டனர். பெரிய விமானத்திலோ 367 பிரயாணிகளும் 12 சிப்பந்திகளும் இருந்தார்கள். ஒலிபெருக்கிச் சாதனம் வேலை செய்யவில்லை. எட்டு வாயில்களில் மூன்று மட்டுமே உபயோகிக்கக் கூடியவையாக இருந்தன. விமானியின் அறையோடு பேச வழியில்லாமற் போனபோது, பின்புறத்திலிருந்த சிப்பந்தி தம்முடைய புத்தியைக் கொண்டே வாயிலைத் திறந்தார். 379 பேரும் உயிரோடு வெளியேறினர். அந்தச் சிப்பந்தியின் மூளை முந்திய இரவின் மதுவினால் சிறிதளவேனும் மங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் தேசத்திலேயே இதற்கு ஒப்பற்ற உதாரணம் உண்டு. 1986 செப்டம்பர் 5-ந் தேதி கராச்சியில் ஆயுதந்தாங்கியோர் பான் அமெரிக்கன் விமானம் ஒன்றைக் கைப்பற்றியபோது, அதில் தலைமைச் சிப்பந்தியாக இருந்த நீரஜா பனோத் என்னும் இளம் பெண், பிரயாணிகளைக் காப்பாற்றும் முயற்சியில் தம் உயிரையே கொடுத்தார். அவருக்கு வயது இருபத்துமூன்று கூட நிறையவில்லை. சமாதான காலத்து வீரத்துக்காக நம் நாடு அளிக்கும் மிகப் பெரிய விருதாகிய அசோக சக்கரம் அவருக்கு அளிக்கப்பட்டது. அத்தகைய உத்தியோகத்துக்கு உரிய ஒழுங்கைச் சர்க்கார் கடுமையாக வற்புறுத்துவதில் வியப்பு என்ன?

பிற நாடுகளும் நம் நாடும்

1932 அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்து வந்தார். அங்கிருந்து அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் சென்னை வரையில் கொண்டுவந்து சேர்த்தார். இந்திய விமானப் போக்குவரத்து அப்படித் தொடங்கி ஐந்து வருஷம் கழித்து, 1937-ம் வருஷத்து விமான விதிகள் இயற்றப்பட்டன. பலமுறை திருத்தப்பட்ட அவ்விதிகளில் 24-வது விதி மதுவைப் பற்றியது. விமானியாயினும் சரி, பணிப்பெண்ணாயினும் சரி, விமானம் புறப்படுவதற்கு முந்திய 12 மணி நேரத்துக்குள் மது அருந்தியிருக்கலாகாது. மூச்சிலோ, இரத்தத்திலோ, சிறுநீரிலோ மதுவின் அடையாளமே காணப்படலாகாது என்பது அதன் சாரம். 1934-ம் வருஷத்து விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2024-ல் பார்லிமெண்டு புதிய சட்டம் செய்து, அது 2025 ஜனவரி முதல் அமலுக்கு வந்த பின்னரும் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடவில்லை.

பிரிட்டனில் 2003-ம் வருஷத்துச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. மோட்டார் ஓட்டுகிறவனுக்கு இங்கிலாந்தில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது வரையில் அனுமதி உண்டு. விமானிக்கும் விமானச் சிப்பந்திக்கும் அந்த எல்லை 20 மில்லிகிராமே. மீறினால் இரண்டு வருஷம் வரையில் சிறைவாசம். அமெரிக்காவில் 8 மணி நேர இடைவெளியும், இரத்தத்தில் 0.04 சதவிகிதம் என்ற எல்லையும் விதிக்கப்பட்டிருக்கின்றன. நம்முடைய விதி இவ்விரண்டையும் விடக் கடுமையானது. நமக்கு எல்லை என்பதே இல்லை; பூஜ்யந்தான் எல்லை.

இக்கடுமை தேவையா என்று கேட்பவர்களுக்கு உடற்கூறு சாஸ்திரமே பதில் சொல்கிறது. உட்கொண்ட மதுவை ஈரல் ஒரே சீராகத்தான் கரைக்கிறது. மணிக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்பது சராசரிக் கணக்கு. காப்பி குடித்தாலும், குளிர்ந்த நீரில் மூழ்கினாலும், இந்த வேகம் கூடுவதில்லை. நள்ளிரவு வரையில் குடித்தவன், விடியற்காலையில் முகம் கழுவிப் பளபளப்பான சட்டை அணிந்து வந்தாலும், மது அவன் இரத்தத்தைவிட்டுப் போயிருக்காது. அது போன பிறகும் களைப்பும் தலைநோவும் மந்தமும் பல மணி நேரம் நிற்கும். விமானத்துக்குள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலைமேல் இருப்பதைப் போன்றது. உறக்கமின்மையும் அந்த மெல்லிய காற்றும் சேரும்போது மந்தம் மேலும் பெருகும்.

முப்பத்திரண்டு நாட்கள்

1990 மார்ச்சு 8-ந் தேதி அமெரிக்காவில் பார்கோ நகரத்திலிருந்து மினியாபொலிஸுக்கு வந்த நார்த்வெஸ்ட் விமானத்தின் விமானிகள் மூவரும் இறங்கிய உடனே கைதானார்கள். முந்திய இரவு மதுக்கடையில் குடித்துவிட்டு, காலையில் விமானத்தை ஓட்டி வந்தவர்கள் அவர்கள். அதே வருஷம் ஆகஸ்டில் அவர்கள் குற்றவாளிகள் என்று தீர்மானிக்கப்பட்டது. குற்றத்துக்கும் தீர்மானத்துக்கும் இடையே ஐந்து மாதமே கழிந்தது.

இதைவிடத் துரிதமான சம்பவமும் உண்டு. 2018 அக்டோபர் 28-ந் தேதி லண்டன் ஹீத்ரோ நிலையத்தில் டோக்கியோவுக்குப் புறப்படவிருந்த ஜப்பானிய விமானத்தின் துணை விமானியிடம் மது வாடை வீசுவதை, சிப்பந்திகளை ஏற்றிவந்த பஸ்ஸின் டிரைவர் கண்டு அறிவித்தார். போலீஸார் சோதித்தபோது இரத்தத்தில் 189 மில்லிகிராம் இருந்தது. அதாவது, அனுமதித்த அளவைப் போல் ஒன்பது மடங்குக்கும் மேல். நவம்பர் 29-ந் தேதி அவருக்குப் பத்து மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் நடந்த நாளுக்கும் தண்டனை நாளுக்கும் இடையே முப்பத்திரண்டு நாட்களே சென்றன. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பது இத்துரிதத்துக்கு ஒரு காரணம் என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஒப்புக்கொண்ட வழக்குகளே வருஷக் கணக்கில் இழுபடும் தேசத்தில் வாழும் நமக்கு இக்கணக்கு வெட்கத்தை உண்டாக்காமலிருக்குமா?

அந்தத் தீர்ப்பின் பயனையும் பாருங்கள். அது வரையில் ஜப்பானில் விமானிகளுக்கு இரத்தத்தில் இவ்வளவு என்ற சட்ட எல்லையே கிடையாது. தீர்ப்பு வெளியான இரண்டே மாதத்தில், 2019 ஜனவரியில், அந்நாட்டுச் சர்க்கார் பிரிட்டிஷ் எல்லையையே தங்கள் விமானிகளுக்கும் விதித்தார்கள். சுடச்சுடக் கிடைத்த தீர்ப்பு ஒரு தேசத்தின் விதியையே திருத்திவிட்டது. அதே தீர்ப்பு பத்து வருஷம் கழித்து வந்திருந்தால் யார் அதைக் கவனித்திருப்பார்கள்?

கருவியும் தவறலாம்

நம் நாட்டில் நடைமுறை எப்படி? புறப்படுமுன் சிப்பந்தி மூச்சுச் சோதனைக் கருவியில் ஊத வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் விமானங்களின் சிப்பந்திகளுக்கு இறங்கிய பிறகு சோதனை. சோதனையில் அகப்பட்டாலோ, ஊத மறுத்து நழுவினாலோ, முதல் முறை மூன்று மாதம் பறக்கும் வேலையினின்று விலக்கப்படுவார்கள். இரண்டாம் முறை மூன்று வருஷம். மூன்றாம் முறை, விமானியாயிருந்தால் லைசென்ஸே ரத்தாகிவிடும். இவை 2015-ல் திருத்தியமைத்த விதிகள்.

விதியை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் கருவி தெய்வமன்று. வாய் கொப்பளிக்கும் மருந்து நீர்கள் சிலவற்றில் மது கலந்திருக்கிறது. கொப்பளித்த உடனே ஊதினால், ஒரு சொட்டு மதுவும் விழுங்காதவனையும் கருவி குடிகாரன் என்று கூறிவிடும். சில நிமிஷம் பொறுத்து ஊதினால் அந்தப் பொய்க் கணக்கு மறையும். இதனாலேயே இரண்டாவது சோதனை என்ற ஏற்பாடு இருக்கிறது. பழைய ரகக் கருவிகள், நீரிழிவு நோயாளியின் மூச்சிலும் நீண்ட நேரம் உபவாசம் இருப்பவர்களின் மூச்சிலும் இயற்கையாக உண்டாகும் அஸிடோன் என்னும் வஸ்துவைக் கண்டு மயங்குவதும் உண்டு. 2023-ல் விதிகளை மறுபடியும் திருத்தியபோது, மது கலந்த கொப்பளிப்பு நீர் முதலியவற்றைச் சிப்பந்திகள் உபயோகிக்கலாகாதென்றும், நுட்பமான புதிய ரகக் கருவிகளையே கையாள வேண்டுமென்றும் ஏற்படுத்தியதற்குக் காரணம் இதுவே. சர்க்காரே தவறு நேரக்கூடும் என்று ஒப்புக்கொண்டுதானே இவற்றைச் செய்தார்கள்?

ஒரு பணிப்பெண்ணை மனத்தில் நினைத்துக்கொள்வோம். அவள் விடியற்காலை நாலு மணிக்கு ஊதுகிறாள். கருவி ஓர் அற்ப எண்ணைக் காட்டுகிறது. தான் மதுவைத் தொட்டதே இல்லை என்கிறாள். அந்த நிமிஷமே அவளை விமானத்தினின்று விலக்க வேண்டியது நியாயந்தான். சந்தேகத்தின் பயன் அந்த வேளையில் பிரயாணிகளுக்கே சேர வேண்டும். ஆனால் அடுத்த நாள் முதல் அவள் கதி என்ன? விமானச் சிப்பந்திகளின் வருமானத்தில் பெரும் பகுதி, பறந்த மணிக்கணக்குக்குக் கிடைப்பது. மூன்று மாதம் பறக்காவிட்டால் வீட்டு வாடகையும் தம்பியின் பள்ளிச் சம்பளமும் நின்றுபோகும். அக்கம்பக்கத்தார் வாய்க்கு அவல் கிடைத்துவிடும். ஓர் ஆண்பிள்ளையைப் பற்றிச் சொன்னால் இரண்டு நாளில் மறையும் அவதூறு, ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் நம் சமூகத்தில் எளிதில் மறைவதில்லை.

அவள் ஹைக்கோர்ட்டில் மனுச் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மனு பதிவாகிறது. நோட்டீஸ் போகிறது. எதிர் மனுவுக்கு அவகாசம் கேட்கப்படுகிறது. வாய்தா. மறு வாய்தா. மூன்று மாதம் கழிந்துவிடுகிறது. தண்டனைக் காலமே முடிந்துவிட்டபடியால் இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று எதிர்க்கட்சி வக்கீல் வாதிக்கிறார். மனு பயனற்றதாகிறது. ஆனால் அவள் பெயரில் விழுந்த முதற் குற்றம் அழியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாளைக்கு மற்றொரு முறை கருவி தவறினால், அது இரண்டாம் குற்றம். மூன்று வருஷத் தண்டனை. விசாரிக்கப்படாத ஒரு குற்றச்சாட்டு, அடுத்த தண்டனைக்கு அஸ்திவாரமாக நின்றுவிடுகிறது.

இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு. உண்மையிலேயே குடித்தவன் ஒருவன் திறமையுள்ள வக்கீலை வைத்து, ஏதோ ஒரு நடைமுறைக் குறையைக் காட்டி, இடைக்காலத் தடையுத்தரவு வாங்கிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். இறுதி விசாரணை வருகிற வரையில் அவன் பறந்துகொண்டே இருப்பான். அதற்குள் சாட்சிகள் ஊர் மாறுவார்கள். சோதித்த வைத்தியருக்கு அன்றைய சம்பவம் மறந்து போகும். சோதனையைக் காமிராவில் படம் பிடித்தாலும், குறிப்பிட்ட காலம் வரையில்தான் அதைப் பாதுகாப்பார்கள். மூச்சு என்பது காற்றோடு காற்றாய்ப் போய்விட்ட சாட்சி. அதைத் திரும்ப அழைக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது. ஆகவே இத்தகைய வழக்கில் கால தாமதம் என்பது வெறும் அசௌகரியமன்று, பிரமாணமே அழிந்துபோவதாகும்.

தேக்கத்தின் அளவு

நியாயஸ்தலங்களின் நிலைமையை அறியாமல் நாம் பேசவில்லை. தேசமெங்கும் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் 5 கோடியைத் தாண்டிவிட்டன என்று 2023-ல் பார்லிமெண்டில் சர்க்காரே கூறினார்கள். பத்து லட்சம் ஜனங்களுக்கு 50 நீதிபதிகளாவது வேண்டும் என்று 1987-ல் சட்டக் கமிஷன் சிபார்சு செய்தது. 2024-ல் அந்த எண்ணிக்கை 21 என்று சர்க்கார் தெரிவித்தார்கள். முப்பத்தேழு வருஷத்தில் பாதி தூரங்கூட நாம் போகவில்லை. அவ்வளவு சுமையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நீதிபதியைக் குறை கூறுவது எளிது. சுமையைப் பகிர்ந்துகொள்ள ஆள் கொடுப்பதே கடினமாக இருக்கிறது.

சட்டத்திலும் குறைவில்லை. துரிதமான விசாரணை, அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து அளிக்கும் உரிமையின் ஒரு பகுதியே என்று பீகார்ச் சிறைக் கைதிகளின் வழக்கில் 1979-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சிவில் வழக்கில் ஒரு கட்சிக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்லுகிறது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டமும் இரண்டு வாய்தா என்ற வரம்பு கட்டியிருக்கிறது. வரம்பு ஏட்டில் இருக்கிறது. வெள்ளம் அதன் மேலே ஓடுகிறது. வாய்தா கேட்பதில் எல்லோருக்கும் முன்னே நிற்பது யார் என்று கேட்டால், பல வழக்குகளில் சர்க்கார் தரப்பே என்பதை மறுப்பாருண்டோ?

விமான விபத்தில் உற்றாரை இழந்தவர்களும் இதே தாமதத்தை அனுபவித்திருக்கிறார்கள். 2010 மே 22-ந் தேதி மங்களூரில் நேர்ந்த கோர விபத்தில் 158 பேர் மாண்டனர். அதற்குக் காரணம் மது என்று யாரும் கூறவில்லை. ஆனால் அதில் தலைவனை இழந்த ஒரு குடும்பத்தின் நஷ்டஈட்டு வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் முடிவடைந்தது 2020-ல். பத்து வருஷம்! தகப்பனை இழந்த குழந்தைகள் அதற்குள் வளர்ந்தே விடுகின்றனர்.

அவசரமும் அநியாயமே

"துரிதம் துரிதம் என்கிறீர்களே, அவசரத் தீர்ப்பும் அநியாயந்தானே?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. தமிழர்களுக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தவுடனே, தன் மகனென்றும் பாராமல் நியாயம் வழங்கிய சோழனைப் போற்றுகிறோம். அதே நாவால், பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரணையின்றிக் கோவலனைக் கொல்வித்த பாண்டியனை நினைத்துக் கண்ணீர் விடுகிறோம். சோழனும் தாமதிக்கவில்லை; பாண்டியனும் தாமதிக்கவில்லை. ஒருவன் உண்மையை அறிந்து தீர்த்தான்; மற்றவன் கேளாமலே தீர்த்தான். ஆகவே நாம் வேண்டுவது விசாரணையைக் குறைப்பதன்று, காத்திருப்பதைக் குறைப்பது. ஒரு மூச்சுச் சோதனை வழக்கில் உண்மையில் விசாரிக்க வேண்டிய விஷயங்கள் சிலவே: கருவி சரிபார்க்கப்பட்டதா, இரண்டாவது சோதனை நடந்ததா, இடையே எவ்வளவு நேரம் சென்றது, சாட்சி யார் என்பவையே. இவற்றை அறிய இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாள் கிடைப்பதற்கு இரண்டு வருஷம் காத்திருப்பதுதான் கொடுமை.

செய்ய வேண்டியவை

முதலாவது, இத்தகைய தண்டனைகளின் மேல் அப்பீல் கேட்பதற்கு, விமானக் கம்பெனிக்கும் விமான இலாகாவுக்கும் கட்டுப்படாத, நீதிபதி அனுபவமுள்ள ஒருவரும் வைத்தியர் ஒருவரும் அடங்கிய சிறு சபை வேண்டும். முதற் குற்றத்துக்கான மூன்று மாதம் முடியுமுன்பே, முப்பது நாளுக்குள், அது முடிவு கூற வேண்டும். விசாரணை முடியும் வரையில் சிப்பந்தி பறக்கலாகாது. ஆனால் நிரபராதி என்று தீர்ந்தால், இழந்த சம்பளத்தை முழுவதும் கொடுக்க வேண்டும். பிரயாணிக்கும் பாதகமில்லை, சிப்பந்திக்கும் பாதகமில்லை.

இரண்டாவது, வழக்கு எழுந்த சோதனையின் படப் பதிவு, கருவி அச்சிட்ட சீட்டு, கருவியைச் சரிபார்த்த தஸ்தாவேஜு ஆகியவற்றை, இறுதித் தீர்ப்பு வரும் வரையில் அழிக்கலாகாது என்று விதி செய்ய வேண்டும். அவற்றின் நகலைக் கேட்ட அன்றே சிப்பந்தியிடம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஹைக்கோர்ட்டுகளில் குறுகிய காலத் தண்டனைகளைப் பற்றிய மனுக்களுக்குத் தனி வரிசை வேண்டும். தண்டனைக் காலம் கழிந்துவிட்டது என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளாமல், பெயரில் விழுந்த களங்கம் நியாயமானதா என்று தீர்மானிக்க வேண்டும்.

நான்காவது, காலியாகக் கிடக்கும் நீதிபதி ஸ்தானங்களை நிரப்ப வேண்டும். இது விமானச் சிப்பந்திகளுக்கு மட்டுமன்றி, நிலத் தாவாவுக்காகத் தகப்பன் காலம் முதல் தாலுகா கோர்ட்டுக்கு நடக்கும் குடியானவனுக்கும் வேண்டியதே.

ஐந்தாவது, குடிப்பழக்கத்துக்கு அடிமையான சிப்பந்தி, பிடிபடுமுன் தானே முன்வந்து சிகிச்சை பெற வழி வேண்டும். அமெரிக்காவில் விமானிகளுக்காக 1974 முதல் அத்தகைய திட்டம் நடைபெற்று வருகிறது. நாம் மேலே கூறிய 1990-ம் வருஷத்து வழக்கில் சிறை சென்ற தலைமை விமானி, குடியை விட்டொழித்து, மறுபடியும் விமானம் ஓட்டும் உத்தியோகத்தைப் பெற்றார். 2001-ல் அமெரிக்க ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பும் அளித்தார். தண்டனை துரிதமாக வந்தபடியால் திருந்துவதற்கும் அவருக்குக் காலம் மிஞ்சியது. வழக்கே இருபது வருஷம் நடந்திருந்தால், அவர் எப்போது திருந்துவார், எப்போது பறப்பார்?

கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமும் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்த வள்ளுவர், இரண்டையும் பொருட்பாலிலேயே வைத்தார். ஒன்று தனி மனிதனின் தெளிவைக் காப்பது. மற்றொன்று அரசின் தெளிவைக் காப்பது. விமானத்தில் ஏறும் சிப்பந்தியிடம் பூஜ்ய அளவு மயக்கத்தை நாம் கேட்கிறோம். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. அதே உரிமையோடு, அச்சிப்பந்தியும் சர்க்காரைப் பார்த்து, "என் நிதானத்தைச் சோதிக்க உங்களுக்கு ஒரு நிமிஷம் போதுகிறது, என் நியாயத்தைச் சோதிக்க ஏன் இத்தனை வருஷம்?" என்று கேட்கலாமல்லவா? இக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு சர்க்காருக்கும், வக்கீல்களுக்கும், நீதிபதிகளுக்கும், தங்கள் பிரதிநிதிகளைப் பார்லிமெண்டுக்கு அனுப்பும் ஜனங்களாகிய நமக்கும் இருக்கிறது. அதை இன்னுமொரு வாய்தாவுக்குத் தள்ளாதிருப்போமாக.